ப்ளாட்டஸைக் காப்பின்னு சொல்லாதீங்க

கோபத்தோடதான் எழுத ஆரம்பிக்கிறேன். எழுதி முடிக்கிறப்ப ஆறிடும்னு நினைக்கிறேன்.

உலக நாடக வரலாறு பத்தின ஒரு தடிமனான புத்தகம் கைக்கு வந்துச்சு. ஆசையா ரோம் பகுதியைத் திறந்தா, ப்ளாட்டஸுக்கு ஒரே ஒரு பத்தி. கிரேக்க நகைச்சுவை நாடகங்களை லத்தீன்ல காப்பியடிச்சார், கூடவே கொஞ்சம் கொச்சையும் சேர்த்தார், ஜனங்க ரசிச்சாங்க. அவ்வளவுதான். ஆளை வழியனுப்பிட்டாங்க.

அதுக்கப்புறம் ஷேக்ஸ்பியர் வர்றார், மோலியேர் வர்றார். பக்கம் பக்கமா புகழ்ச்சி. அவங்க ரெண்டு பேரும் யார் வீட்டுக் கிணத்துல தண்ணி மொண்டாங்கன்னு ஒரு வரி கிடையாது.

எனக்கு மனசே கேக்கல.

ப்ளாட்டஸ் பிறந்தது கி.மு. 254 வாக்குல, இத்தாலியில அம்ப்ரியா பக்கம் சார்சினாங்கிற மலையூர்ல. (அந்த ஊர் இன்னிக்கும் அதே பேர்ல இருக்கு.) இறந்தது கி.மு. 184. முழுசா நம்ம கைக்கு வந்து சேர்ந்திருக்கிற லத்தீன் இலக்கியத்துலயே ரொம்பப் பழசு இவரோட நாடகங்கள்தான். இவருக்கு முன்னாடி எழுதினவங்களோட எழுத்தெல்லாம் வரி வரியா, துண்டு துண்டாத்தான் கிடைச்சிருக்கு. இவருது மட்டும் கிட்டத்தட்ட முழுசா இருபது நாடகம்!

அப்படிப்பட்டவருக்கு ஒரு பத்தி.

சரி, அவரை நான் எப்படிப் படிச்சேன்னு சொல்லிடறேன். முதல்ல பழைய ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு ஒண்ணு. லைப்ரரில கிடைச்சது. ஓடவே இல்ல. ஒரே வசனமா இருக்கு, யாரோ யாரையோ திட்டறாங்க, யாரோ ஓடறாங்க, எதுக்குன்னே புரியல. அடுத்து செய்யுளா மொழிபெயர்த்தது ஒண்ணு. கொஞ்சம் பரவால்ல. ஆனா உயிர் வந்தது எப்பன்னா, வாய்விட்டுப் படிக்க ஆரம்பிச்சப்பதான். அதுவும் தனியா இல்ல. எங்க அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். "டேய், நீ மெர்க்குரி, நான் சோசியா"ன்னு பிரிச்சுக்கிட்டு, ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து நம்ம பேச்சுத் தமிழ்ல மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டோம்.

நாடகம் பேரு 'ஆம்ஃபிட்ரூவோ'. அதோட முதல் காட்சியைச் சொல்லியே ஆகணும்.

தீப்ஸ் நகரம். நடுராத்திரி. தளபதி ஆம்ஃபிட்ரூவோ சண்டையில ஜெயிச்சுட்டு துறைமுகத்துல வந்து இறங்கியிருக்கார். வீட்டம்மா அல்க்மீனாகிட்ட வெற்றிச் சேதி சொல்ல, தன் அடிமை சோசியாவை முன்னாடியே அனுப்பறார். சோசியா கையில ஒரு லாந்தர். நேரங்கெட்ட நேரத்துல தெருவுல நடந்தா காவல்காரங்க பிடிச்சு உரிச்சிருவாங்கன்னு நடுங்கிக்கிட்டே வர்றான். வழியிலயே ஒத்திகை வேற. அந்தச் சண்டையை எப்படி வர்ணிக்கிறதுன்னு. (ஐயா சண்டை நடக்கறப்ப கூடாரத்துக்குள்ள ஒளிஞ்சிருந்தவர். பார்க்காத போரை நேர்ல பார்த்த மாதிரி சொல்லிப் பழகறார்!)

இதுக்கிடையில வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னா, ஜூபிடர் கடவுளே ஆம்ஃபிட்ரூவோ வேஷத்துல அல்க்மீனாவோட இருக்கார். அதுக்காக ராத்திரியையே நீட்டி வச்சிருக்கார். வாசல்ல காவலுக்கு அவர் மகன் மெர்க்குரி. என்ன வேஷத்துல? அச்சு அசல் சோசியாவா.

சோசியா வாசலுக்கு வர்றான். யாருடா நீ? நான் சோசியா, இந்த வீட்டு அடிமை. அடி விழுது. மறுபடி யாருடா நீ? சோசியாதான். மறுபடி அடி. நான்தான் சோசியாங்கிறான் மெர்க்குரி. சரி, நீ சோசியான்னா, சண்டை நடந்தப்ப கூடாரத்துல என்ன பண்ணினே சொல்லுன்னு இவன் மடக்கறான். ஒரு ஜாடி ஒயினைத் தண்ணி கலக்காம அப்படியே குடிச்சேன்னு அவன் சொல்றான். சோசியாவுக்குத் தூக்கிவாரிப் போடுது. அது யாருக்குமே தெரியாத சங்கதி. வெளிச்சத்துல முகத்தைப் பார்க்கிறான். தன் முகம். கால், உயரம், தாடை எல்லாம் தன்னோடது. கடைசியில புலம்ப ஆரம்பிக்கிறான்: நான் எங்க தொலைஞ்சு போனேன்? எங்க வச்சு மாறினேன்? துறைமுகத்துலயே என்னை மறந்து விட்டுட்டு வந்துட்டேனா?

படிக்கறப்ப வயிறு வலிக்கச் சிரிச்சோம். அப்புறம் பையன் சொன்னான், "மாமா, ஆனா இவன் பாவம் மாமா. அவன்கிட்ட இருந்ததே பேர் ஒண்ணுதான். அதையும் அடிச்சே பிடுங்கிட்டாங்களே."

அவன் சொன்னதுதான் ப்ளாட்டஸோட மையமே. அதுக்கு வர்றேன். முதல்ல இந்த 'காப்பி' விஷயத்தைப் பேசி முடிச்சிடலாம்.

அவர் மறைக்கவே இல்லைங்க. சில நாடகத்துல முன்னுரை சொல்ல வர்ற ஆளே மேடையில நின்னு அறிவிக்கிறான். இது இன்ன கிரேக்கர் எழுதினது, ப்ளாட்டஸ் இதைக் காட்டுமிராண்டி பாஷைக்கு மாத்தியிருக்கார்னு. கிரேக்கக்காரங்க கண்ணுக்கு ரோமானியங்க காட்டுமிராண்டிங்க இல்லையா, அதைச் சொல்லியே கைதட்டல் வாங்கறார். கதை மெனாண்டர், டிஃபிலஸ், ஃபிலெமோன் இவங்க எழுதின கிரேக்க நாடகங்கள்லேர்ந்து வந்தது. கதாபாத்திரங்க போட்டுக்கிறதும் கிரேக்க உடுப்புதான். அன்னிக்கு அது ஊரறிஞ்ச வழக்கம். நகைச்சுவை நாடகம் எழுதின மத்தவங்களும் அப்படித்தான் பண்ணினாங்க.

அப்ப அவர் சொந்தமா என்ன பண்ணினார்?

ரொம்ப காலம் இதுக்கு நேரடி சாட்சி இல்லாம இருந்துச்சு. ஏன்னா அந்த கிரேக்க மூலமெல்லாம் தொலைஞ்சு போச்சு. 1922ல எடுவார்ட் ஃப்ரெங்கல்னு ஒரு ஜெர்மன் அறிஞர், ப்ளாட்டஸ்ல ப்ளாட்டஸ் எதுன்னு தேடி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். மூலம் கையில இல்லாமலே, நடையை வச்சு, உவமையை வச்சு, அடிமைங்க பேச்சு நீளற விதத்தை வச்சு. பின்னாடி எகிப்துல ஆக்ஸிரிங்கஸ்ங்கிற ஊரோட பழைய குப்பைமேட்டுலேர்ந்து எடுத்த பாப்பிரஸ் துண்டுகள்ல மெனாண்டர் நாடகம் ஒண்ணோட சில காட்சிகள் இருந்தது தெரிய வந்துச்சு. ப்ளாட்டஸோட 'பாக்கிடஸ்' நாடகத்துக்கு அதுதான் மூலம்! 1968ல எரிக் ஹேண்ட்லி லண்டன்ல ஒரு உரையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினார்.

அதுல என்ன தெரிஞ்சதுன்னா, மெனாண்டர்கிட்ட அப்பாவும் மகனும் பேசற ரெண்டு காட்சியை ப்ளாட்டஸ் அப்படியே வெட்டித் தூக்கிட்டார். அங்கத்துக்கு நடுவுல வர்ற இடைவெளியையும் எடுத்துட்டார். இசையில்லாம சும்மா பேசற வரிகளா இருந்ததை இசையோட சொல்ற நீளமான செய்யுளா மாத்தியிருக்கார். இதெல்லாம் சாதாரணம். எனக்குப் பிடிச்சது வேற.

மெனாண்டர்ல அந்தத் தந்திரக்கார அடிமைக்குப் பேரு சைரஸ். ப்ளாட்டஸ் அதை கிரிசாலஸ்னு மாத்திட்டார். மாத்தினது மட்டுமில்ல. அந்த கிரிசாலஸ் மேடையில வந்து நெஞ்சை நிமிர்த்திச் சொல்றான், எசமானன்கிட்ட ரெண்டு மூணு மினா காசு சுடற இந்த பார்மெனோ, சைரஸ் மாதிரி அடிமையெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லைன்னு. மூலத்துல இருக்கிற தன் பழைய பேரையே ஏளனம் பண்ணிட்டு நிக்கறான்!

காப்பியடிக்கிறவன் இப்படிப் பண்ணுவானா? இது மூலத்தோட மல்லுக்கட்டறது. எங்க அப்பன் வீட்டை இடிச்சுக் கட்டறேன் பார்னு ஊரைக் கூட்டிச் சொல்ற தைரியம்.

(அதே கிரிசாலஸ் இன்னொரு இடத்துல சொல்றான்: 'எபிடிகஸ்' நாடகம் எனக்கு உயிர், ஆனா பெல்லியோ நடிச்சா மட்டும் சகிக்க முடியாது. 'எபிடிகஸ்' ப்ளாட்டஸோட நாடகம். பெல்லியோ நெஜமான நடிகர். அப்ப அரங்குல எவ்வளவு சத்தமா சிரிச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.)

இன்னொண்ணு, ரோம்ல அப்ப நிரந்தரமான நாடக அரங்கமே கிடையாது. திருவிழாவுக்குத் திருவிழா மரத்துல மேடை கட்டி, முடிஞ்சதும் பிரிச்சிடுவாங்க. கி.மு. 154ல கல்லுல ஒரு அரங்கம் கட்ட ஆரம்பிச்சாங்க. செனட் தலையிட்டு இடிக்க வச்சிருச்சு. நிரந்தரக் கல் அரங்கம் வந்தது கி.மு. 55ல, பாம்பேங்கிற ரோமானியத் தளபதி கட்டினது. ப்ளாட்டஸ் போய்ச் சேர்ந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல ஆனப்புறம்.

திருவிழான்னா மத்த வேடிக்கையெல்லாம் இருக்கும். ப்ளாட்டஸுக்கு அடுத்து வந்த டெரன்ஸோட ஒரு நாடகத்துக்கு, குத்துச்சண்டையும் கயித்துமேல நடக்கிற வித்தையும் வருதுன்னு பேச்சு கிளம்பி, நாடகமே நின்னு போச்சு. அந்த மாதிரி கூட்டத்தை உக்கார வைக்கணும். 'போயெனுலஸ்' நாடகத்தோட முன்னுரையில அந்தக் கூட்டம் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. தாதிங்க கைக்குழந்தையை வீட்டுலயே வச்சுக்கோங்க, இங்க வந்து ஆட்டுக்குட்டி மாதிரி கத்த வேண்டாம். சீமாட்டிங்க சத்தமில்லாம சிரிங்க. வீட்டுல தூங்கிட்டு லேட்டா வந்தவங்க நின்னுக்கிட்டே பாருங்க. அடிமைங்க இருக்கையை விட்டு எந்திரிங்க, இல்லேன்னா காசு கட்டி விடுதலை வாங்கிட்டு வந்து உக்காருங்க.

இந்தக் கடைசி வரியில நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். அரங்குல அடிமைங்க இருந்திருக்காங்க. அவங்களைப் பார்த்துத்தான் அந்த ஜோக். அவங்களும் சிரிச்சிருப்பாங்களா?

பார்க்க வந்தவங்க மட்டுமில்ல. நடிச்சவங்கள்லயும் நிறைய பேர் அடிமைங்கதான். 'சிஸ்டெல்லாரியா' நாடகத்தோட முடிவுல சொல்றாங்க: இப்ப உள்ள போய் வேஷத்தைக் கலைப்போம், தப்பு பண்ணினவனுக்கு உதை, ஒழுங்கா நடிச்சவனுக்குக் குடிக்கக் கிடைக்கும். அது கதைக்குள்ள வர்ற வரி இல்லைங்க. நடிகர்களைப் பத்தினது.

'ஸ்டிகஸ்' நாடகம் கி.மு. 200ல மேடையேறினதா ஒரு குறிப்பு தப்பிப் பிழைச்சிருக்கு. அதுல இசை அமைச்சவர் பேரு இருக்கு: மார்சிபோர், ஓப்பியஸோட அடிமை. ப்ளாட்டஸ் நாடகத்துல பாதிக்கு மேல குழல் இசையோடதான் சொல்லியிருக்காங்க, பாடியிருக்காங்க. ரெட்டைக் குழலை ஒரே வாயில வச்சு ஊதற வாத்தியம். ஒரு வரி இசை கூட மிஞ்சல. மார்சிபோர்ங்கிற பேர் மட்டும் மிஞ்சியிருக்கு.

ப்ளாட்டஸே எங்கேர்ந்து வந்தார்? கி.பி. 2ஆம் நூற்றாண்டுல ஆலஸ் கெல்லியஸ்னு ஒருத்தர், பழைய அறிஞர் வாரோவை ஆதாரமா வச்சு ஒரு கதை சொல்றார். ப்ளாட்டஸ் நாடகக் கொட்டகை வேலையில சம்பாதிச்சு, அந்தக் காசை வியாபாரத்துல விட்டு, வெறுங்கையோட ரோமுக்குத் திரும்பி வந்து, வயித்துப்பாட்டுக்கு மாவு மில்லுல திரிகைக் கல்லைத் தள்ளினாராம். அங்க இருந்துக்கிட்டே மூணு நாடகம் எழுதினாராம். அழகான கதை. ஆனா ப்ளாட்டஸ் நாடகத்துல அடிமைங்களை மிரட்டறப்பல்லாம் 'உன்னை மில்லுக்கு அனுப்பிருவேன்'னுதான் மிரட்டுவாங்க. அதுலேர்ந்து கிளம்பின கதையா இருக்கும்னு நிறைய அறிஞர்கள் சந்தேகப்படறாங்க. பேர்லயும் அதே சிக்கல். டைட்டஸ் மாக்கியஸ் ப்ளாட்டஸ். மாக்கஸ்ங்கிறது அன்னிக்குக் கிராமத்துக் கேலி நாடகங்கள்ல வர்ற கோமாளி. ப்ளாட்டஸ்னா தட்டைப் பாதக்காரர். கோமாளி தட்டைப்பாதம்! மேடைப் பேராத்தான் இருக்கணும்.

எனக்கு அந்த மில் கதை உண்மையா பொய்யாங்கிறதை விட, மேடைக்குப் பின்னாடி வேலை பாத்தவர்ங்கிற பகுதி மேல நம்பிக்கை அதிகம். ஆள் எப்ப வெளிய வரணும், எத்தனை வரிக்குக் கூட்டம் தாங்கும், எங்க சிரிப்புக்கு இடம் விடணும், இதெல்லாம் படிச்சு வர்றதில்ல.

ஒரு சாம்பிள். 'மைல்ஸ் குளோரியோசஸ்'. ஜம்பக்கார ராணுவ வீரன். கூட ஒரு ஒட்டுண்ணி, சாப்பாட்டுக்காகப் புகழறவன். நீங்க ஒரே நாள்ல கொன்னவங்க கணக்கு சொல்றேன்னு ஆரம்பிக்கிறான். சிலிசியாவுல 150, சித்தோலாட்ரோனியாவுல 100 (அப்படி ஒரு நாடே கிடையாது!), சார்டிஸ்ல 30, மாசிடோனியக்காரங்க 60. மொத்தம் எவ்வளவுன்னு வீரன் கேக்கறான். 7,000ங்கிறான் இவன். சரியாத்தான் இருக்கும், உன் கணக்கு தப்பாதுன்னு வீரன் ஏத்துக்கறான். கூட்டிப் பாருங்க, 340 வருது. கார்த்தேஜ் தளபதி ஹானிபலோட வருஷக்கணக்கா சண்டை போட்டுக் களைச்ச ஊர்ல, அரங்கு முழுக்க நெஜமான பழைய சிப்பாய்ங்க உக்காந்திருக்கப்ப, இந்தக் காட்சி.

அதே நாடகத்துல இன்னொரு அடிமை சொல்றான்: என்னை மிரட்டாதீங்க, சிலுவைதான் எனக்கு சமாதின்னு எனக்குத் தெரியும், எங்க அப்பா, தாத்தா, முப்பாட்டன் எல்லாரும் அங்கதான் இருக்காங்க. இதுவும் ஜோக்காத்தான் சொல்லப்படுது.

இந்த ரெண்டும் ஒரே நாடகத்துல. அதான் ப்ளாட்டஸ். அடிமையை அடிக்கிறதும், அடிப்பேன்னு மிரட்டறதும், பொண்ணுங்களை விக்கிறதும் வாங்கறதும் இவர் நாடகம் பூரா இருக்கு. 'காசினா'வுல கதையே காசினாங்கிற அடிமைப் பொண்ணை யாருக்குக் கட்டிவைக்கிறதுங்கிறதுதான். அவ ஒரு தடவை கூட மேடைக்கு வரமாட்டா. 'தங்கப் பானை' நாடகத்துல ('ஆவுலுலாரியா') ஒரு பொண்ணுக்கு நடந்த பலாத்காரத்தைக் கல்யாணத்தை வச்சு மூடிடறாங்க. இதையெல்லாம் தாண்டிக் குதிச்சுப் படிக்க எனக்கு இஷ்டமில்ல. அங்க சிரிப்பு வரல. வரக்கூடாது.

ஆனா அதே மேடையில, எல்லாரையும் விட புத்திசாலி யாரு? அடிமை. கதையை நடத்தறது யாரு? அடிமை. 'சூடோலஸ்' (கி.மு. 191) எடுத்துக்கோங்க. சின்ன எசமானனோட காதலியை ஒரு தரகன் விக்கப் போறான். இருபது மினா காசு வேணும். சூடோலஸ்ங்கிற அடிமை பெரிய எசமானன்கிட்டயே போய், இன்னிக்கு உங்ககிட்டேர்ந்துதான் காசைக் கறக்கப் போறேன், ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்லி வச்சிட்டு வேலையை ஆரம்பிக்கிறான். எப்படிக் கறக்கறதுன்னு அவனுக்கே தெரியாது. நம்மளைப் பார்த்து அதையும் சொல்றான். ஒரு கவிஞன் எழுத உக்காந்தா உலகத்துல எங்கயுமே இல்லாததைத் தேடிக் கண்டுபிடிச்சு பொய்யை நெஜம் மாதிரி ஆக்கறான் இல்லையா, இப்ப நான் கவிஞன் ஆகப் போறேங்கிறான்.

கட்டின துணிகூடச் சொந்தமில்லாத ஒரு அடிமை, நாடகத்தையே எழுதறவனா மாறி நிக்கறான். இதை மெனாண்டர்கிட்ட தேடினாலும் இந்த அளவுக்குக் கிடைக்காது. ஏமி ரிச்லின் 2017ல எழுதின புத்தகத்துல, இந்த நாடகங்களை அடிமைங்களும் ஏழைங்களும் தங்களுக்காகப் போட்ட அரங்கமாவே பார்க்கணும்னு வாதாடறாங்க. முழுக்க ஒத்துக்கறது கஷ்டம்தான், திருவிழாவுக்கு செலவு பண்ணினது அரசாங்க அதிகாரிங்க. ஆனா அக்கா பையன் ஒரே நிமிஷத்துல பிடிச்சதை அந்தப் புத்தகம் நானூறு பக்கத்துக்கு மேல நின்னு நிரூபிக்கப் பாக்குது. (எரிக் சீகல் 1968ல எழுதின ப்ளாட்டஸ் ஆராய்ச்சி புத்தகமும் நல்லா இருக்கும். ஆமா, 'லவ் ஸ்டோரி' எழுதின அதே சீகல்தான்!)

'போயெனுலஸ்' பத்தி இன்னும் கொஞ்சம். கார்த்தேஜ் ரோமோட பரம எதிரி. சண்டை முடிஞ்சு அதிக வருஷம் ஆகல. அந்த நேரத்துல ப்ளாட்டஸ் மேடையில ஒரு கார்த்தேஜ் கிழவரை ஏத்தறார். பேரு ஹானோ. கடத்திட்டுப் போன தன் ரெண்டு பொண்ணுங்களை ஊர் ஊரா தேடிட்டு வர்றார். வந்ததும் முதல்ல பேசறது பியூனிக் மொழியில, அவங்க சொந்த பாஷையில! (இன்னிக்கு பியூனிக் மொழியை ஆராயறவங்க அந்த வரிகளைத்தான் துழாவறாங்க.) மில்ஃபியோன்னு ஒரு அடிமை தனக்கு அந்த பாஷை தெரியும்னு அளந்து விட்டு, கிழவர் சொல்றதுக்கெல்லாம் கன்னாபின்னான்னு அர்த்தம் சொல்றான். கூட்டம் சிரிச்சிருக்கும். அப்புறம் அந்தக் கிழவர் பொண்ணுங்களைக் கண்டுபிடிக்கிறார், கட்டிப்பிடிக்கிறார். எதிரி நாட்டு அப்பனோட கண்ணீரை ரோம்ல, அந்த வருஷங்கள்ல, மேடையில காட்டியிருக்கார்.

இவ்வளவும் நம்ம கைக்கு எப்படி வந்துச்சுங்கிறதே தனிக்கதை. ப்ளாட்டஸ் பேர்ல ஒரு காலத்துல 130 நாடகம் சுத்திக்கிட்டிருந்துச்சு. எல்லாம் அவருது இல்ல. பேரைப் போட்டா ஓடும்னு ஆளாளுக்குப் போட்டிருக்காங்க. வாரோ சலிச்சு, 21 சந்தேகமில்லாம அவருதுன்னு பிரிச்சார். மிஞ்சினது அந்த 21தான், கடைசி ஒண்ணு வெறும் துண்டுகளா. இடைக்கால ஐரோப்பாவுல அதுலயும் முதல் எட்டுதான் புழக்கத்துல இருந்துச்சு. 1429ல நிக்கோலஸ் குசானுஸ்ங்கிற ஜெர்மன் பாதிரியார் மூலமா, அதுவரைக்கும் தெரியாத பன்னிரண்டு நாடகம் இருக்கிற ஒரு சுவடி ரோமுக்கு வந்து சேர்ந்துச்சு. 1486ல ஃபெரராவுல 'மெனைக்மி'யை இத்தாலிய மொழியிலயே பெருசா மேடையேத்தினாங்க. 1815ல மிலான் நகரத்து அம்ப்ரோசியன் நூலகத்துல ஆஞ்செலோ மாய், பைபிள் எழுதின ஒரு தோல் சுவடிக்கு அடியில, சுரண்டி அழிச்ச ப்ளாட்டஸ் எழுத்து இருக்கறதைக் கண்டுபிடிச்சார். மார்சிபோர் பேரு நமக்குத் தெரியறதே அந்த அழிச்ச எழுத்தாலதான்.

சரி, ஷேக்ஸ்பியர், மோலியேர்.

தங்கப் பானை நாடகத்துல கஞ்சன் யூக்ளியோ, ஒரு அடிமை தன் புதையலைத் திருடிட்டான்னு சந்தேகப்பட்டு, கையைக் காட்டுங்கிறான். காட்டறான். இன்னொண்ணு? காட்டறான். மூணாவது கையைக் காட்டு! மோலியேரோட 'கஞ்சன்' (1668) நாடகத்துலயும் ஆர்பகான் வேலைக்காரன்கிட்ட, ரெண்டு கையும் பார்த்துட்டு மத்த கையையும் கேக்கறான். தங்கம் நெஜமாவே திருடு போனதும் யூக்ளியோ அரங்கத்தைப் பார்த்தே கதறறான்: யார் எடுத்தீங்க? ஏன் சிரிக்கறீங்க? இங்க திருடங்க நிறைய பேர் வெள்ளை உடுப்புல உக்காந்திருக்கீங்கன்னு தெரியும்! ஆர்பகானும் கூட்டத்தைப் பார்த்து அதேதான். 1,800 வருஷத்துக்கு அப்புறமும் அந்த இடத்துல கூட்டம் சிரிச்சிருக்கு.

ஷேக்ஸ்பியர் 'காமெடி ஆஃப் எரர்ஸ்'க்கு 'மெனைக்மி'யை எடுத்தார். பிரிஞ்சு போன இரட்டையர், ஒரே ஊர்ல குழப்பம். வேலைக்காரங்களையும் இரட்டையா ஆக்கினது 'ஆம்ஃபிட்ரூவோ'விலேர்ந்து. சொந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்க, புருஷன் வெளிய நின்னு கத்தற காட்சியும் அங்கேர்ந்துதான். ஷேக்ஸ்பியர் நாடகம் 1594 டிசம்பர் 28ல லண்டன் கிரேஸ் இன்ல நடந்தது. அந்த நாடகத்துலேர்ந்து வங்காள எழுத்தாளர் வித்யாசாகர் 1869ல வங்காள மொழியில 'பிராந்தி விலாஸ்' எழுதினார், அது படமாச்சு, அப்புறம் குல்சார் 1982ல 'அங்கூர்' எடுத்தார். ரெண்டு சஞ்சீவ் குமார், ரெண்டு தேவன் வர்மா. அந்தப் படத்துக்கு நீங்க சிரிச்சிருந்தா, சார்சினாக்காரருக்கும் சேர்த்துத்தான் சிரிச்சிருக்கீங்க.

ஆனா இந்தப் பயணத்துல ஒரு விஷயம் கழண்டு விழுந்துடுச்சுன்னு எனக்குத் தோணுது. 'மெனைக்மி'யில மெசெனியோன்னு ஒரு அடிமை. எசமானனைச் சிலர் தூக்கிட்டுப் போறதைப் பார்த்து, பாய்ஞ்சு அடிச்சுக் காப்பாத்தறான். காப்பாத்திட்டு, எனக்கு விடுதலை குடுங்கன்னு கேக்கறான். அவன் காப்பாத்தினதோ எசமானனோட அண்ணன் தம்பியை! அந்த ஆள், நான் உன் எசமானனே இல்லைப்பா, ஆனா என்னைப் பொறுத்தவரைக்கும் நீ விடுதலைன்னு சொல்லிட்டுப் போயிடறான். மெசெனியோ துள்ளிக் குதிக்கறான். நெஜ எசமானன் வர்றார். விடுதலையா? யார் குடுத்தது? நான் குடுக்கலையேங்கிறார். அந்த ஒரு நொடி. அண்ணன் தம்பி சேர்ந்தப்புறம்தான் அவனுக்கு நெஜ விடுதலை.

'காமெடி ஆஃப் எரர்ஸ்'ல ட்ரோமியோங்கிற ரெட்டை வேலைக்காரங்க நாடகம் பூரா அடி வாங்கறாங்க. முடிவுல விடுதலைங்கிற பேச்சே இல்ல. 'அங்கூர்'ல அடிமைங்க வெறும் வேலைக்காரங்க ஆயிட்டாங்க. சிரிப்பு அப்படியே வந்து சேர்ந்துச்சு, அந்த விடுதலை ஏக்கம் வரல. அதைத் திரும்பக் கொண்டு வந்தது 1962ல பிராட்வேயில வந்த 'எ ஃபன்னி திங் ஹேப்பன்ட் ஆன் தி வே டு தி ஃபோரம்'. ஷெவ்லவ், கெல்பார்ட், சோண்ட்ஹைம் மூணு பேரும் ப்ளாட்டஸ் நாடகங்களைக் கலந்து பண்ணின இசை நாடகம். அதுல சூடோலஸுக்கு ஆரம்பத்துலேர்ந்தே ஒரே ஆசைதான், விடுதலை. சீரோ மோஸ்டல் நடிச்ச 1966 படம் பாருங்க.

படிக்கணும்னு நினைச்சா, லோயப் வரிசையில வொல்ஃப்காங் டி மெலோ மொழிபெயர்ப்பு அஞ்சு தொகுதியா 2011லேர்ந்து 2013க்குள்ள வந்திருக்கு. ஒரு பக்கம் லத்தீன், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். முதல் தொகுதியிலயே 'ஆம்ஃபிட்ரூவோ', தங்கப் பானை, 'பாக்கிடஸ்', 'காப்டிவி' நாலும் இருக்கு. தயவுசெஞ்சு கூட ஒருத்தரை உக்கார வச்சு வாய்விட்டுப் படிங்க. நாடகக்குழு வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, 'காப்டிவி'யை எடுங்க. போர்க்கைதியா வந்த எசமானனும் அடிமையும் ஆள் மாறி நிக்கிற கதை. ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங் அதை மேடையேறின நாடகங்கள்லயே சிறந்ததுன்னு சொன்னார். பெண் வேஷம் ஒண்ணுகூட கிடையாது, செட்டுக்கு ஒரு வீட்டு வாசல் போதும். தமிழ்ல பண்றதா இருந்தா சொல்லுங்க, வசனம் எழுத நான் வர்றேன்.